சுட்ட தோட்டாவைக் கழுவிய கதை

துப்பாக்கி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அந்த "டுமீல்" சத்தம்தான். சுட்டபிறகு கீழே விழுகிற காலித் தோட்டாவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நம் சினிமாவில் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து கைக்குட்டையால் அதை எடுப்பார், மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார், அத்தோடு அதன் வேலை முடிந்தது!

ஆனால் அந்தக் காலித் தோட்டாவுக்கு ஒரு தனிச் சரித்திரமே இருக்கிறது. குறிப்பாக அமெரிக்காவில். அங்கே கடந்த 150 வருடங்களாக லட்சக்கணக்கானவர்கள் சுட்ட கூட்டைப் பொறுக்கி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, மறுபடியும் மருந்து கெட்டித்துப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். இது ஏதோ கஞ்சத்தனமான பொழுதுபோக்கு என்று தோன்றலாம். பணம் மிச்சம் பிடிப்பதில் தொடங்கியதுதான், சந்தேகமில்லை. ஆனால் "இந்தக் கூட்டை எப்படிச் சுத்தம் செய்வது?" என்ற சாதாரணக் கேள்விக்குப் பின்னால் போனால், பாதரசம், உப்பு, குதிரை மூத்திரம் என்று எங்கெங்கோ போய் நிற்க வேண்டியிருக்கிறது.

(முதலிலேயே ஒன்று: நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இதைப் படித்துவிட்டு யாரும் வாளியும் சோப்புமாகக் கிளம்ப வேண்டாம். இது சரித்திரம் மட்டுமே.)

முதலில் தோட்டா என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். ஷாட்கன் என்பது பறவை, முயல் போன்றவற்றைச் சுடும் துப்பாக்கி. நம் ஊரில் 12 போர் இரட்டைக் குழல் என்று சொல்வார்களே, அதுதான். அதில் ஒரே ஒரு குண்டு போகாது, சின்னச் சின்ன ஈய ரவைகள் கூட்டமாகப் போகும். 12 போர் என்ற பெயருக்கே ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ அதுதான் குழலின் விட்டம். 20 போர் என்றால் 20 உருண்டை. அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. தோட்டாவின் அடியில் பிரைமர் என்கிற சின்னக் கிண்ணம். அதை ஊசி தட்டியதும் தீப்பொறி பறக்கும். அதற்கு மேல் வெடிமருந்து, அதற்கு மேல் தக்கை, அதற்கும் மேல் ரவை, எல்லாவற்றுக்கும் மேல் மூடி. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் கூடு. சுட்டபிறகு மருந்தும் தக்கையும் ரவையும் போய்விடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் அப்படியே நிற்கும். தோட்டாவிலேயே செய்வதற்குக் கஷ்டமான பாகம் கூடுதான். அது உயிரோடு இருக்கும்போது தூக்கி எறிவானேன்? ரீலோடிங்கின் மொத்த தத்துவமும் இவ்வளவுதான்.

இந்தத் தோட்டா ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதற்கு முன் எல்லாமே குழலின் வாய் வழியாகக் கெட்டிப்பதுதான். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்றொரு பாதிரியார் இருந்தார். பறவை வேட்டையில் பிரியம் உள்ளவர். அந்தக் காலத் துப்பாக்கியில் வெளியே கிண்ணத்தில் இருக்கும் மருந்து முதலில் பளிச்சென்று எரியும், அதற்கப்புறம்தான் உள்ளே வெடிக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பது பாதிரியாரின் வருத்தம். தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தை வைத்து ஒரு வழி கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். பாதரச ஃபல்மினேட் என்ற அந்த வகைப் பொருளை எட்வர்ட் ஹோவர்ட் 1800-லேயே செய்து காட்டியிருந்தார். பின்னால் வந்த பிரைமர்களில் பல தலைமுறைக்கு இந்தப் பாதரச ஃபல்மினேட்தான் உட்கார்ந்திருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வில்லனாகத் திரும்ப வரும்.

1812-ல் பாரிஸில் பாலி என்ற சுவிஸ் துப்பாக்கி ஆசாரி, பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கிக்குக் காப்புரிமை எடுத்தார். 1830-களில் லெஃபோஷே என்ற பிரெஞ்சுக்காரர் பக்கவாட்டில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும் தோட்டாவைக் கொண்டுவந்தார். 1860-களில் நடுவில் பிரைமர் வைத்த தோட்டா வந்தது. இன்றைக்கும் அதே அமைப்புதான். கூடு காகிதத்தால் ஆனது, அடியில் மட்டும் பித்தளைத் தொப்பி. காகிதம் ஒன்றிரண்டு முறை தாங்கும், அவ்வளவுதான்.

ஒரே தோட்டாவை நிறையத் தடவை கெட்டிக்க வேண்டும் என்றால் முழுப் பித்தளைக் கூடு வேண்டும். 1867-ல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் தொடங்கிய யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனியும், வின்செஸ்டர் கம்பெனியும் முழுப் பித்தளைக் கூடுகளை விற்றன. விலை அதிகம், ஆனால் கவனமாக வைத்திருந்தால் பல பத்து முறை வரும். (பித்தளைச் சுவர் காகிதத்தைவிட மெல்லியது என்பதால் உள்ளே இடம் அதிகம். 12 போர் பித்தளைக் கூட்டுக்கு 11 அல்லது 10 போர் தக்கை போட்டால்தான் இறுக்கமாக நிற்கும்.) இவற்றை அதிகம் விரும்பியவர்கள் சந்தைக்கு வேட்டையாடுபவர்கள். வாத்தையும் புறாவையும் பீப்பாய் பீப்பாயாகச் சுட்டு நகரத்து ஓட்டல்களுக்கு ரயிலில் அனுப்பியவர்கள். கடை இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு, மருந்தும் ஈயமும் மூட்டையாக வாங்கிப்போய் ராத்திரி நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தாங்களே கெட்டித்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும். 1870-களின் எருமை வேட்டைக்காரர்களும் தங்கள் ரைஃபிள் தோட்டாக்களை அப்படித்தான் கெட்டித்தார்கள்.

இங்கேதான் கழுவுகிற வேலை ஆரம்பம். அன்றைய மருந்து கரிமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி. அது எரிந்தால் எல்லாமே புகையாகப் போய்விடாது. எடைக்கணக்கில் பாதிக்கு மேல் திடப் பொருளாகவே மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைட் என்று ஒரு கறுப்புக் களி. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து அப்படியே கசியும். ஒரு ராத்திரி விட்டுவிட்டால் பித்தளையைத் தின்ன ஆரம்பித்துவிடும், பச்சைக் களிம்பு பூக்கும். அதனால் வேட்டைக்காரன் முகாமுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கூடுகளைத் தண்ணீரில் போட்டுவிடுவான். வெந்நீர், சோப்பு, உள்ளே தேய்க்க ஒரு சின்ன பிரஷ், பிறகு நல்ல தண்ணீரில் அலசல், பிறகு காயவைத்தல். கறை போகாவிட்டால் வினிகரில் கொஞ்ச நேரம். நம் பாட்டிகள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவார்களே, அதே ரசாயனம்தான். புளியில் டார்டாரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். இரண்டும் களிம்பைக் கரைக்கும். இரண்டையும் அதிக நேரம் விட்டால் பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தையும் சேர்த்துக் கரைத்து இளஞ்சிவப்பாக்கிவிடும். குடம் சிவந்தால் பார்க்கத்தான் அழகில்லை. தோட்டாக் கூடு சிவந்தால் அது பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம்.

தோட்டா அழுக்காக இருந்தால் என்ன ஆகிவிடும்? இதற்கு அமெரிக்காவின் பிரபலமான ஒரு சண்டையையே உதாரணம் சொல்வார்கள். 1876 ஜூன் 25, மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. லகோட்டா, ஷையான் வீரர்களிடம் கஸ்டரின் படை அழிந்தது. கஸ்டரோடு இருந்த 200-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அந்தப் படையிடம் இருந்தது 1873-ஆம் வருட ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். அதன் தோட்டாக் கூடு அப்போது பித்தளை அல்ல, செம்பு. சிப்பாய்கள் தோட்டாக்களைத் தோல் வளையங்களில் செருகி இடுப்பில் கட்டியிருப்பார்கள். தோலைப் பதனிடும் டானின் செம்போடு சேர்ந்து களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த செம்புக் கூடு, சூடான அறையில் வெடித்து விரிந்தால், சிக்கிக்கொண்டு வெளியே வராது. சிப்பாய் கத்தியை எடுத்து நெம்ப வேண்டும், எதிரி காத்துக்கொண்டிருப்பானா என்ன?

"கஸ்டர் தோற்றதே இதனால்தான்" என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோல்விக்குத் தோட்டாவைக் குற்றம் சொல்வது தளபதியைக் குற்றம் சொல்வதைவிடச் சுலபம் அல்லவா! ஆனால் 1983-ல் அந்தப் போர்க்களத்தில் புல் தீப்பிடித்து எரிந்து தரை வெளிப்பட்டது. 1984-லும் 1985-லும் தொல்லியல் ஆய்வாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கி நூற்றுக்கணக்கான காலிக் கூடுகளைப் பொறுக்கினார்கள். கத்தியால் நெம்பிய கீறல் உள்ள கூடுகள் அதில் மிக மிகக் கொஞ்சம்தான். சிக்கியது உண்மை, ஆனால் அதனால்தான் தோற்றார்கள் என்பது கட்டுக்கதை. சுட்டவன் சாட்சி சொல்ல முடியாமல் போனாலும் அவன் கீழே போட்ட கூடு 108 வருடம் கழித்து சாட்சி சொன்னது!

எப்படியோ, ராணுவம் பாடம் கற்றுக்கொண்டது. தோல் வளையம் போய் கேன்வாஸ் வளையம் வந்தது. செம்பு போய் மெல்ல மெல்லப் பித்தளை வந்தது. 1880-களின் தொடக்கத்தில் மறுபடி கெட்டிக்கக்கூடிய தோட்டாவும் வந்தது. அதற்குமுன் இருந்த ராணுவத் தோட்டாவில் பிரைமர் உள்ளுக்குள்ளேயே மறைந்திருக்கும், சுட்டால் அவ்வளவுதான். புதியதில் வெளியிலிருந்து மாற்றலாம். காசு கம்மியான சமாதான கால ராணுவம், சிப்பாய்களுக்குச் சுடப் பழக்கம் வேண்டும். எனவே ஒவ்வொரு கம்பெனிக்கும் ரீலோடிங் கருவிகள் கொடுத்து, சுட்ட கூடுகளிலிருந்து பிரைமரைத் தட்டிவிட்டுக் கழுவிக் காயவைப்பது சிப்பாயின் வேலை என்றாக்கிவிட்டார்கள்.

பிரைமரை மாற்றுவது பற்றி ஒரு வேடிக்கை. இரண்டு விதமான பிரைமர் உண்டு. ஒன்று கர்னல் பெர்டான் என்ற அமெரிக்கர் செய்தது, இன்னொன்று கர்னல் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் செய்தது. இரண்டும் 1866-ஐ ஒட்டி வந்தவை. பாக்ஸர் வகையில் கூட்டின் அடியில் நட்டநடுவில் ஒரே ஓட்டை. மேலேயிருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் செத்த பிரைமர் வெளியே வந்துவிடும். பெர்டான் வகையில் நடுவில் ஒரு சின்ன மேடு, பக்கத்தில் இரண்டு குட்டி ஓட்டைகள். கம்பி விட முடியாது, எடுப்பது பெரும்பாடு. கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? அமெரிக்கர் கண்டுபிடித்ததை ஐரோப்பா எடுத்துக்கொண்டது, ஆங்கிலேயர் கண்டுபிடித்ததை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ரீலோடிங் வளர்ந்ததற்கு அந்த ஒற்றை ஓட்டையும் ஒரு காரணம்.

1884-ல் கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் கம்பெனியை ஆரம்பித்தார். பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவி. அதை வைத்து வீட்டிலேயே பிரைமர் எடுக்கலாம், வைக்கலாம், வாயை மடக்கலாம். கூடவே ஒரு கையேடும் போட்டார். ராணுவத்தில் இருந்த பழக்கமும் வேட்டைக்காரரின் பழக்கமும் சாதாரண வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

அதே வருடம் ஃபிரான்ஸில் வியெய் என்ற விஞ்ஞானி புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். எரிந்தால் கிட்டத்தட்ட எல்லாமே வாயுவாகிவிடும். கறுப்புக் களி இல்லை, நாற்றம் இல்லை. இனிமேல் கூட்டைக் கழுவவே வேண்டாம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் பளபளவென்று சுத்தமாக இருந்த பித்தளைக் கூடுகள் இரண்டாம் முறை சுட்டபோது அப்பளம் மாதிரி விரிசல் விட்டன!

காரணம் அந்தப் பழைய வில்லன், பாதரச ஃபல்மினேட். அது வெடிக்கும்போது பாதரசம் ஆவியாகி வெளிவரும். கரிமருந்துக் காலத்தில் அந்தப் பாதரசம் கறுப்புக் களியோடு கலந்து போய்விடும், கழுவும்போது அதுவும் சேர்ந்து வெளியேறும். புகையில்லா மருந்தில் களியே இல்லையே, பாதரசம் எங்கே போகும்? நேராகப் பித்தளைக்குள் இறங்கி ரசக்கலவையாகி, உலோகத்தை உள்ளுக்குள்ளேயே நொறுங்கும்படி செய்துவிட்டது. இதை எந்தச் சோப்பாலும் புளியாலும் கழுவ முடியாது. கண்ணுக்கும் தெரியாது. அழுக்காக இருந்தபோது பத்திரமாக இருந்த கூடு, சுத்தமானபோது ஆபத்தாகிவிட்டது. இந்த விஷயத்தில் இதைவிடச் சுவாரஸ்யமான இடம் வேறு இல்லை.

அமெரிக்க ராணுவம் 1898-ஐ ஒட்டிப் பாதரசத்தைக் கைவிட்டது. தனியார் கம்பெனிகள் ரொம்ப நாள் விடவில்லை. எந்தப் பெட்டியில் எந்தப் பிரைமர் என்று தெரியாமல் வீட்டில் ரீலோடிங் செய்தவர்கள் பல வருடம் திண்டாடினார்கள்.

பாதரசத்துக்குப் பதிலாக வந்தது பொட்டாசியம் குளோரேட். கூடு பிழைத்தது, இப்போது குழலுக்கு ஆபத்து வந்தது. எவ்வளவு எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் இரண்டு நாளில் குழலுக்குள் துரு. "புகையில்லா மருந்தில் ஏதோ அமிலம் இருக்கிறது, அது இரும்பின் துளைகளுக்குள் புகுந்துகொண்டு கசிகிறது" என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். 1922-ல் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் என்ற வேதியியலாளர் விஷயத்தை உடைத்தார். குளோரேட் வெடித்தால் பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. அதாவது ஒருவகை உப்பு, நம் சாப்பாட்டு உப்புக்கு உடன்பிறப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் போட்டால் உப்பை மூடிப் பாதுகாத்து வைத்த மாதிரிதான்! குழலில் வெந்நீர் ஊற்றினால் போயே போச்சு. அந்தக் காலத்துக் கிழட்டு சார்ஜென்ட்கள் காரணம் தெரியாமலேயே வெந்நீர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் சொன்னதே சரி. 1920-களின் இறுதியில் பாதரசமும் குளோரேட்டும் இல்லாத புதுப் பிரைமர்கள் ஜெர்மனியில் கடைக்கு வந்தன. அவற்றின் அடிப்படை ஈய ஸ்டிஃப்னேட் என்ற உப்பு. ஈயம்! அந்தக் கதையையும் பிறகு பார்ப்போம்.

இதற்கு நடுவே நம் நாட்டு மழைக்காலத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தில், சுடாத புதுத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளே தானாக விரிசல் விட்டன. அதுவும் மழைக்காலத்தில், அதுவும் குதிரை லாயத்தில் வைத்திருந்த பெட்டிகளில். பருவத்துக்குப் பருவம் வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் தெரியவில்லை. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா வருகிறது. மழைக்கால ஈரத்தில் அது பித்தளை மேல் கரைந்து படிகிறது. தோட்டாக் கூட்டைத் தகட்டிலிருந்து இழுத்து இழுத்துச் செய்வதால் உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். கூட்டை மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் தீர்ந்தது. இன்றைக்கும் பொறியியல் கல்லூரிகளில் உலோகவியல் பாடத்தில் இந்த உதாரணம் வரும். குதிரை மூத்திரம் என்பதைச் சொல்லித் தருகிறார்களா என்பது வாத்தியாரைப் பொறுத்தது. வீட்டில் கூடு கழுவுபவர்களுக்கு இதிலிருந்து ஒரு கண்டிப்பான விதி வந்தது: அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் எவ்வளவு பளபளப்புத் தந்தாலும் தோட்டாக் கூட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

ஷாட்கன் விஷயத்துக்குத் திரும்புவோம். 1900-களின் தொடக்கத்தில் சந்தை வேட்டை ஒழிந்தது. சுட்டுச் சுட்டுப் பறவைகளே தீர்ந்துபோனதும் ஒரு காரணம். கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. அதே சின்சினாட்டியில்தான் 1880-ல் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் பறக்கும் களிமண் தட்டைக் கண்டுபிடித்தார். முன்பு உயிருள்ள புறாவைப் பறக்கவிட்டுச் சுட்ட போட்டிகளில் இப்போது தட்டு பறந்தது. இன்றைக்கும் அதற்குக் களிமண் புறா என்றுதான் பெயர்!

தட்டு சுடும் விளையாட்டு வந்ததும் தோட்டாவின் தேவை தாறுமாறாக ஏறியது. வேட்டைக்குப் போனால் நாளைக்குப் பத்துத் தோட்டா. போட்டிக்குப் போனால் ஒரே நாளில் நூறு. ஒரு சின்னக் கணக்கு: 25 பவுண்டு ஈய ரவை மூட்டை ஒன்றில், தோட்டாவுக்கு ஓர் அவுன்ஸ் வீதம் 400 தோட்டா கெட்டிக்கலாம். வாரா வாரம் போகிறவருக்கு இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவத்தின் மிச்ச மருந்து மலிவாகக் கடைக்கு வந்தது. 1950-களில் விஸ்கான்சினின் மேவில் ஊரிலிருந்து மெக் கம்பெனியின் பிரஸ் வந்தது, நெம்புகோலை இழுத்தால் வேலை முடியும். 1958-ல் அதே மாநிலத்தில் ரிச்சர்ட் லீ என்பவர் வீட்டுப் பட்டறையில் ஒரு மலிவான சுத்தியல் கருவி செய்தார். தொழிற்சாலைத் தொழிலாளியும் பள்ளிக்கூட வாத்தியாரும் வீட்டுக் கீழறையில் சாயங்காலம் உட்கார்ந்து தோட்டா கெட்டிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது கூடு இன்னும் காகிதம்தான். மெழுகு ஊறவைத்த காகிதம். இதைக் கழுவவே முடியாது, தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஊதினால் துப்பாக்கிக்குள் நுழையாது. பொறுக்கும்போதே காய்ந்த கூடாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். வாய் நைந்திருந்தால் உருக்கிய மெழுகில் தோய்த்து எடுத்து விறைப்பாக்குவார்கள். சில தடவை சுட்டதும் பித்தளைத் தொப்பிக்கு மேலே ஊசி ஓட்டை மாதிரி எரிந்துவிடும், அத்தோடு குப்பைக்கு.

1960-ல் ரெமிங்டன் கம்பெனி பிளாஸ்டிக் கூட்டைக் கொண்டுவந்தது. மழையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. 1965-ல் வின்செஸ்டரின் ஏ.ஏ. கூடு வந்தது, ஒரே துண்டாக அழுத்திச் செய்தது, பலமுறை தாங்கும் என்று பேர் வாங்கியது. பித்தளைக்குப் பிறகு முதல்முறையாகத் தண்ணீரில் கழுவக்கூடிய ஷாட்கன் கூடு! சேற்றில் கிடந்ததைக்கூட விடாமல் பொறுக்கி, வலைப்பையில் கட்டி, பாத்திரம் கழுவும் சோப்போடு துணி துவைக்கும் மெஷினில் போட்டவர்கள் உண்டு. (வீட்டம்மாக்கள் என்ன சொன்னார்கள் என்று சரித்திரம் பதிவு செய்யவில்லை.) கழுவுவது சுலபம், காயவைப்பதுதான் பாடு. அடித்தக்கைக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் அடுத்த தடவை மருந்து நமுத்துவிடும். அவசரத்துக்கு அடுப்பில் காட்டினால் பிளாஸ்டிக் கோணிவிடும். பிரைமரைத் தட்டிவிட்டு, வாய் கீழே பார்க்க, வெயிலில் பல நாள் வைப்பதுதான் வழி.

உண்மையில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் கரியால் எந்தக் கெடுதலும் இல்லை. பொறுமையுள்ளவர்கள் ஈரத்துணியால் வெளியே துடைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கழுவுவதைவிட ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்ப்பதே முக்கியம். உள்ளே கூழாங்கல் இருக்கலாம், மண் இருக்கலாம், சிறிய போர் கூடு ஒன்று சொருகியிருக்கலாம். சில வகைக் கூடுகளில் அடித்தக்கை தனித் துண்டு. அது தளர்ந்திருந்தால் சுடும்போது பிய்ந்துபோய்க் குழலில் அடைத்துக்கொள்ளும். அடுத்த தோட்டா சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கும் கையும் சேர்த்துத்தான். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்ததும் இந்த மாதிரி ஒரு பயத்தால்தான். 20 போர் தோட்டா 12 போர் துப்பாக்கிக்குள் வழுக்கிப்போய் முன்னால் தங்கிக்கொள்ளும், குழல் காலியாக இருப்பதுபோல் தெரியும், பின்னால் ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் முடிந்தது. நிறம் பார்த்துப் பிரிப்பதும் சுத்தம் செய்வதன் ஒரு பகுதியே.

பித்தளைக் கூடு வைத்திருந்த ரைஃபிள்காரர்கள் வேறு பாதையில் போனார்கள். ரத்தினக் கல்லை மெருகேற்றும் உருளையைக் கடன் வாங்கி, அதில் பொடித்த வால்நட் ஓட்டையும் மக்காச்சோளச் சக்கையையும் போட்டுக் கூடுகளை உருட்டினார்கள். அரிசி போட்டவர்களும் உண்டு! தண்ணீர் இல்லை, காயவைக்கும் தொல்லை இல்லை. ஆனால் மேலே சொன்ன ஈய ஸ்டிஃப்னேட் இங்கே வருகிறது. சுட்ட பிரைமரின் சாம்பலில் ஈயம். உருளை சுற்றச் சுற்ற அது நுண்தூசியாகி, மூடியைத் திறக்கும்போது எழும்பும். பாதரசம் கூட்டைக் கொன்றது, குளோரேட் குழலைத் தின்றது, இதுவோ மனிதனுக்குள் போகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அதிகக் கெடுதல், மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை 5-லிருந்து 3.5 மைக்ரோகிராமாக (டெசிலிட்டருக்கு) குறைத்தது. அப்பாவின் சட்டையில் ஒட்டி வரும் தூசியே ஒரு குழந்தைக்குப் போதும். சமையலறையில், சமையல் பாத்திரத்தில் கூடு கழுவிய அந்தக் காலத்து வீடுகளை நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பிற்காலத்தில் பலர் மெல்லிய ஸ்டீல் ஊசிகளும் தண்ணீரும் போட்டு உருட்டும் முறைக்கு மாறியதற்குத் தூசி பறக்காது என்பதும் ஒரு காரணம். நூறு வருடம் சுற்றி மறுபடி தண்ணீருக்கே வந்தாயிற்று.

ஈய ரவைக்கும் தடை வந்தது. ஏரி அடியில் கிடக்கும் ரவையைக் கல் என்று விழுங்கி வாத்துகள் செத்ததால், 1991-லிருந்து அமெரிக்கா முழுதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் கூடாது என்றானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரியிலிருந்து இதே தடை. இரும்பு ரவைக்கு மருந்து, தக்கை எல்லாமே வேறு, பழைய பழக்கத்தில் கெட்டிக்க முடியாது.

காசு கணக்கும் மாறிவிட்டது. தொழிற்சாலைகள் மலிவு விலையில் 12 போர் தோட்டாவைக் கொட்ட ஆரம்பித்தபிறகு, வீட்டில் கெட்டிப்பதில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. மலிவுத் தோட்டாவின் தொப்பியும் பித்தளை அல்ல, பூச்சு பூசிய இரும்பு, கழுவினால் துருப்பிடிக்கும். 28 போர், .410 போன்ற சின்னத் தோட்டாக்களுக்குக் கடையில் விலை அதிகம் என்பதால் அவற்றைச் சுடுபவர்கள் இன்னும் விடாமல் செய்கிறார்கள். 2020-ல் தொடங்கிய தட்டுப்பாட்டில் அமெரிக்கக் கடைகளில் பிரைமரே கிடைக்காமல் போனபோது, கழுவிய கூடுகள் வாளி வாளியாக இருந்தும் கெட்டிக்க வழியில்லாமல் பலர் உட்கார்ந்திருந்தார்கள்.

முழுப் பித்தளை ஷாட்கன் கூடு அழிந்துவிடவில்லை. பிரேசிலின் சி.பி.சி. கம்பெனி அதை விற்கிறது, பழைய கரிமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வாங்கி, அதே வெந்நீரும் சோப்புமாகக் கழுவுகிறார்கள். காகிதக் கூடும் இன்னும் வருகிறது, ஃபெடரல் கம்பெனி தயாரிக்கிறது. விலை அதிகம், ஆயுசு கம்மி, கழுவவும் முடியாது. ஆனாலும் வாங்குகிறார்கள். சுட்டவுடன் கூட்டை எடுத்து மூக்கில் வைத்தால் சூடான மெழுகும் கருகிய காகிதமும் சேர்ந்து ஒரு வாசனை வருமாம், அதற்காகவே!